படகுக்குப் புது ஹோஸ்

பட்டாபி பம்ப்பின் கைப்பிடியை நாற்பது தடவை ஆட்டிவிட்டான். படகுக்குள் தேங்கிய நீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

"என்ன பட்டாபி, ஷூ நனையறதே?" என்றார் எதிரே வெள்ளைப் பேன்ட்டில் உட்கார்ந்திருந்த மேனேஜர் சௌந்தரராஜன்.

"புது ஹோஸ் சார். கொஞ்சம் பழகணும்."

கல்கத்தாவில் டாக்குரியா ஏரியின் நடுவில் இருந்தார்கள். பட்டாபிக்கு நீச்சல் தெரியாது. அதைவிடப் பெரிய பயம், அவனுடைய திருச்சி மாற்றல் காகிதம் இந்த மனிதரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பவானிபூர் வீட்டில் அவன் மனைவி ஜெயலக்ஷ்மி பாதிச் சாமானைக் கட்டியே விட்டாள்.

சாரின் கிழட்டுப் பாய்மரப் படகில் எப்போதும் நீர் கசியும். அதைக் கவனித்துவந்த ஹெட்கிளார்க் வெங்கட்ராமன் போன மாதம் ரிட்டையராகிவிட்டார். "பம்ப்போட ரப்பர் ஹோஸ் கிழிஞ்சு போச்சு. யாருக்காவது மாத்தத் தெரியுமா?" என்று சார் ஆபீசில் கேட்டபோது முதலில் உயர்ந்தது பட்டாபியின் கை. அதுவரை அவன் வீட்டுக் குழாய்க்கு வாஷர்கூட மாற்றியதில்லை.

தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினான். ஹோஸின் வாயில் உருண்டையாக ஏதோ அடைத்திருந்தது. பிடுங்கினான். எலுமிச்சம்பழம்.

அன்று விசுவகர்மா பூஜை, வங்காளத்தில் கருவிகளுக்குப் பூஜை போடும் நாள். "புது சாமான்னா, பழம் வைக்காம ஓட்டப்படாது" என்று ஜெயலக்ஷ்மி குங்குமம் தடவிக் கொடுத்தனுப்பியது, பம்ப்படியிலிருந்து உருண்டுபோயிருக்கிறது.

"அது என்னய்யா?"

"பிரசாதம் சார்."

பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டினான். நீர் குறைந்தது. அப்பாடா என்று கையை எடுத்தான். நீர் ஏறியது. மறுபடி ஆட்டினான், எடுத்தான். இப்போது கணுக்காலைத் தாண்டியது.

"பட்டாபி, போறதைவிட வர்றது ஜாஸ்தியா இருக்கே."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சாரின் பேன்ட்டில் அழுக்குத் தண்ணீர் தெறிக்கக் கூடாதே என்று ஹோஸின் வெளிமுனையை ஏரிக்குள்ளேயே தொங்கவிட்டிருந்தான். பம்ப்போ பழசு, வால்வு தேய்ந்தது. கை ஓய்ந்தால் ஏரி அதே ஹோஸ் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

பதறிப்போய் வெளிமுனையை வெடுக்கென்று இழுத்தான். ஹோஸை இறுக்கியிருந்த கிளாம்ப் கழன்றது. ஹோஸிலிருந்த கறுப்புத் தண்ணீர் முழுவதும் சாரின் முகத்தில் விழுந்து பேன்ட்டில் வழிந்தது. அவர் துள்ளி எழுந்தார்.

"சார், எழுந்திருக்காதீங்கோ," என்று பட்டாபி சொல்லி முடிப்பதற்குள் படகு ஒரு பக்கம் சாய்ந்து, இருவரையும் ஏரியில் இறக்கிவிட்டுத் தானும் இறங்கியது.

ஏரிக்கரைப் படகு கிளப்பின் படகோட்டி ஹரேன்தா துடுப்புப் படகில் விரைந்து வந்து, பட்டாபியைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்.

சார் தாமே நீந்திக் கரையேறினார். ஒரே ஷூவுடன் கிளப்புக்குள் போய்விட்டார். பட்டாபி படியில் உட்கார்ந்து நடுங்கினான். திருச்சி போச்சு. கட்டின மூட்டையை அவிழ்க்கச் சொல்லி ஜெயலக்ஷ்மியிடம் எந்த வாயால் சொல்வது? அழுகையே வந்துவிட்டது.

ஹரேன்தா துண்டை நீட்டி, வங்காளத்தில் சொன்னார்:

"அழாதீங்க பாபு. வெங்கட்ராமன் பாபு பழைய ஹோஸை ஒரு சொட்டு ஒழுகாம மாட்டிக் கொடுத்தாரு. அன்னையிலேருந்து அவர் மாற்றல் கேட்டப்பல்லாம், 'அப்புறம் படகை யார் பாத்துக்கறது'ன்னு பெரிய சார் பத்தொன்பது வருஷம் கையெழுத்தே போடல."