டோக்கன் நாற்பத்திரண்டு

"வருமானம் இல்லைன்னு வாயால சொன்னா போதுமா? பேப்பர் எங்க?" என்றார் ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர் லிஃப்ட்காரர். இருபது வருஷம் ஒரே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். பொத்தானை அமுக்கினால் தானாக ஓடும் புது லிஃப்ட் வந்த அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருமானம் அறவே இல்லாதவர்களுக்கு அவசர உதவித்தொகை தருகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, ஆறு மாடி மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார். கிளம்பும்போதே மனைவி அரிசி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டியிருந்தாள். ஒரு மணிகூட விழவில்லை.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் கிழித்துக் கொடுத்த டோக்கன், நாற்பத்திரண்டு. சுவரில் எரிந்த எண், முப்பத்தெட்டு.

"உங்களுக்கு முன்னால மூணே பேர்தான். அதுக்குள்ள பழைய ஆஃபீஸ் லெட்டரை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுங்க," என்றார் குமாஸ்தா, மஞ்சள் பூத்த ஒரு டோக்கனால் பல் குத்தியபடி.

இறங்கப் போனவர் லிஃப்ட் வாசலில் நின்றுவிட்டார். கைப்பிடி வைத்த பழைய லிஃப்ட். ஓட்ட ஆளில்லை. உள்ளே ஒரு பெரியவர் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரருக்குக் கை பரபரத்தது. உள்ளே போய் லேசாக ஒரு தள்ளு. லிஃப்ட் சமர்த்தாக இறங்கியது. பெரியவர் மகிழ்ந்துபோய் அவர் சட்டைப்பையில் ஒரு நாணயத்தைப் போட்டார்.

"பையில என்ன?" என்றார் குமாஸ்தா, அவர் ஜெராக்ஸோடு திரும்பி வந்ததும்.

"ஒரு பெரியவர் பிரியமா..."

"வருமானம்!"

லிஃப்ட்காரர் விழுந்தடித்து ஓடி, பெரியவரைத் தெருமுனையில் பிடித்து நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"திருப்பிக் குடுத்துட்டீங்களா? கையில இருக்கிறதைத் தூக்கிக் குடுக்கிறவருக்கு உதவித்தொகை எதுக்குங்க?" என்று கவலைப்பட்ட குமாஸ்தா, பிறகு அவரே வழியும் சொன்னார். "இங்க லிஃப்டை ஓட்டிக் காசு வாங்கிட்டீங்க. மேனேஜர்கிட்ட போய், நீங்க இங்க வேலை பார்க்கலைன்னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. விஷயம் முடிஞ்சுது."

மேனேஜர் தங்கமான மனிதர். "பேர் இல்லாத ஆளுக்கு சர்டிஃபிகேட் தர முடியாதே," என்று ஊழியர் பதிவேட்டைத் திறந்து, அடையாளத்துக்கு வைத்திருந்த கசங்கிய டோக்கனை எடுத்துவிட்டு, இவர் பெயரை எழுதிக்கொண்டார். எழுதியதும் அவர் முகம் மாறியது. "ரெஜிஸ்டர்லயே பேர் இருக்கு. வேலை பார்க்கலைன்னு எப்படி எழுத?"

"இப்பதானே சார் எழுதுனீங்க! அடிச்சிடுங்க!"

"அடிக்கக் கூடாது. ராஜினாமா குடுங்க."

கொடுத்தார்.

"முப்பது நாள் நோட்டீஸ். அதுவரைக்கும் லிஃப்டை நீங்கதான் ஓட்டணும்."

"சம்பளம்?"

"உதவித்தொகையை நம்பி வந்திருக்கீங்க. சம்பளத்தைக் குடுத்து நான் அதைக் கெடுப்பேனா?" என்றார் மேனேஜர், உண்மையான கருணையோடு.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "உதவி கேட்கப் போன இடத்துல உதவி செஞ்சுட்டு வந்திருக்கீங்களே, உங்கள என்ன சொல்ல!" என்றவள், டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு அரிசி கேட்கப் போனாள்.

முப்பது நாளும் ஓட்டினார். முப்பத்தோராம் நாள் காலையில் முதல் ஆளாக ஜன்னலில் நின்றார். சுவரில் அதே முப்பத்தெட்டு.

"ஒரு மாசமா வேலையில இருந்திருக்கீங்க," என்று தாளைப் புரட்டினார் குமாஸ்தா. "வேலையில இருந்தவருக்கு அவசரம்னு எப்படிங்க எழுதறது?"

லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. "டம்ளரைத் தூக்கிக்கிட்டு என் சம்சாரம் ஏறாத வாசல் இல்லைய்யா! உங்களுக்கென்ன, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துட்டீங்க. ஒண்ணாம் தேதியானா சம்பளம். பசின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார்.

லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போய் நின்றார். பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்து ஏறினாள்.

"அவரைப் போய் இப்படித் திட்டிட்டீங்களே, தம்பி! கையெழுத்து அழகா இருக்கு, அஞ்சு நிமிஷம் ஜன்னல்ல உட்காருங்கன்னாங்க, ஒன்பது வருஷமாச்சு. டோக்கன்ல அவர்தான் நாற்பத்தொண்ணு, மேனேஜர் நாற்பது, நான் முப்பத்தொம்பது."