ஒரு பாட்டுக்கு நாலு ஆண்டவனே

ஆண்டவன் துணை

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அத்தான், உன் மருமகள் மூன்று பேரும் சுகம். நீயும் அங்கே சுகமாகத்தான் இருப்பாய். ஏழு வயதுப் பிள்ளை கையில் வயலினைக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. எங்களுக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமையிலிருந்து ஆறு நாள் நீ லீவு போட வேண்டும். வயலின் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடக்கிறது. பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே தங்க வேண்டுமாம், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க வேண்டுமாம், அறைக்கு வந்ததும் அதைப் பார்த்துப் பிள்ளையை மறுபடி வாசிக்க வைக்க வேண்டுமாம். அந்தப் பெரியவர் நீ. "ஏன்க்கா, நீ இல்லையா?" என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

முதலில் உன் பரிசிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ வாங்கி வந்தது பெரியவர்கள் வாசிக்கிற வயலின். அதைத் தோளில் வைத்துப் பார்த்தால் உன் மருமகளைக் காணவில்லை, வயலினுக்குக் கீழே இரண்டு முட்டி மட்டும் தெரிந்தது. "வளர்ற பிள்ளைதானேக்கா, ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்றாய். செருப்பு வாங்குகிற யோசனையில் வயலின் வாங்கிய ஆள் உலகத்தில் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். டீச்சர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ரொம்ப நல்ல பெண், முப்பது வயதுகூட ஆகாது, குரலே வெளியே வராது. பிள்ளையின் கையை அளந்து, பொம்மை மாதிரி ஒரு குட்டி வயலினை வாடகைக்கு எடுக்கச் சொன்னாள். "அப்ப இந்தப் பெரியதை என்னங்க செய்றது?" என்று கேட்டேன். "அது உங்களுக்கு" என்றாள்.

ஆமாம் தம்பி, எனக்கு. இவர்கள் சொல்லிக்கொடுப்பது சுசுகி முறையாம். பிள்ளை வீட்டில் கேட்டுக் கேட்டே பேச்சைக் கற்றுக்கொள்கிறது இல்லையா, அதே மாதிரி பாட்டையும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்ளுமாம். புத்தகத்தைப் பார்க்கிறதெல்லாம் பிறகுதான். அதனால் முதலில் அம்மா கற்றுக்கொள்ள வேண்டும், அவள் வீட்டில் தினமும் வாசிக்க வேண்டும், பிள்ளை அதைக் கேட்க வேண்டும். அதுவரை பிள்ளைக்கு? ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியில் ஸ்கேலைச் செருகிக் காகிதம் ஒட்டிக் கொடுத்து, அதைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக நிற்கவும் குனிந்து வணக்கம் சொல்லவும் இரண்டு மாதம் பழக்கினார்கள். உன் அத்தான் ஒருநாள் வகுப்புக்கு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பெட்டியத் தூக்கிட்டு நிக்கிறதுக்கா ஃபீஸ் கட்றோம்? எங்க ஆபீஸ் குடோன்ல இதுக்குச் சம்பளம் தர்றாங்க" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். தையல், வீட்டுக் கணக்கு எழுதுவது, மிக்ஸியைப் பிரித்து மாட்டுவது எதையும் யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை, நானாகத்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் திமிரில் வயலினையும் கையில் எடுத்தேன். முப்பத்தொன்பது நாளில் முதல் பாட்டு வந்துவிட்டது, நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். உன் மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து கண்கொட்டாமல் கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நடுவே நடந்ததையும் எழுதிவிடுகிறேன், நீ மட்டும் நிம்மதியாக இருப்பானேன். முகாமுக்குப் பெயர் கொடுத்ததும் டீச்சர் ஒரு தாள் அனுப்பினாள். தினமும் வாசிக்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், பல் தேய்க்கிற நாளில் மட்டும் வாசித்தால் போதும் என்று அதில் இருந்தது. நயமாகச் சொல்கிறாளாம். உன் மருமகள் அன்றிலிருந்து பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் பிரஷைக் கொண்டுபோனால், "இன்னைக்கு லீவும்மா" என்று வாயை மூடிக்கொள்கிறாள். மூன்றாம் நாள் நானே பிடித்துத் தேய்த்துவிட்டேன். "நான் தேய்க்கலையே, நீதானே தேய்ச்ச, அப்ப நீயே வாசி" என்றாள். சட்டம் பேசுகிற வாய் உன்னிடமிருந்து வந்த சொத்து.

பிறகு கால் அட்டை. பிள்ளை ஆடாமல் நின்று வாசிக்க, அதன் இரண்டு பாதத்தையும் அட்டையில் வரைந்து அதன்மேல் நிறுத்துவார்கள். கால் வளர்ந்துவிட்டது, முகாமுக்குப் புதிது வேண்டும் என்றார்கள். பீரோவுக்குப் பின்னால் கெட்டித் தாள் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, பிள்ளையை நிறுத்திப் பட்டை மார்க்கரில் பாதத்தைச் சுற்றி வரைந்து, நீல வண்ணமும் அடித்தேன். அது உன் அத்தான் இரண்டு மாதமாக வரைந்த மழைநீர் வடிகால் படம். மை முன்பக்கம் ஊறியிருக்கிறது. அதையும் பார்க்காமல் சுருட்டிக்கொண்டு போய் ஆபீசில் பத்துப் பேர் நடுவே விரித்திருக்கிறார். பெரிய என்ஜினீயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "குடியிருப்புக்கு நடுவுல ரெண்டு குளம் போட்டிருக்கீங்களே, சர்வேயில இல்லையே" என்றாராம். அவரே இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு குளத்துக்கும் அஞ்சு வாய்க்கால் எதுக்கு?" என்றாராம். வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டாலும் அந்த முதல் பாட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார், பிள்ளை கேட்க என்று டீச்சர் கொடுத்த ரெக்கார்டு வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது, மனுஷன் என்ன செய்வார்.

இதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி. இப்போதுதான் நான் தலைகுனிந்த கதை வருகிறது.

அந்த முதல் பாட்டில் நாலு இடத்தில் வில்லைத் தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்குத் தூக்கிப் போட வேண்டும். எனக்கு அதுதான் வராது. தூக்கிப் போடும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டு, என்னை அறியாமல் "ஆண்டவனே" என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டுக்கு நாலு தடவை. நாளைக்கு இருபது முறை வாசித்தால் எண்பது. காலையில் கும்பிடும்போதுகூட அவரை நான் அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. நான் சொல்வது எனக்கே தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். முதல் பாட்டு முதலில் வந்தது உன் மருமகளுக்குத்தான் என்பதால் அவளை முன்னால் நிறுத்தி மற்றவர்களைக் கேட்க வைத்தாள் டீச்சர். எனக்குப் பெருமை தாங்கவில்லை, உனக்கு ஃபோன்கூடப் பண்ணினேன். அப்புறம் இரண்டு வாரம் டீச்சர் ஊரில் இல்லை, பிள்ளைகள் தாங்களாகவே கூடி வாசித்தார்கள். அவள் திரும்பி வந்து, எல்லாரும் ஒன்றாக வாசிங்க என்று கையைத் தூக்கினாள். பன்னிரண்டு வில்லும் ஒன்றாக இறங்கின. மெல்லிய கம்பிக்குப் போகிற இடம் வந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் நெஞ்சு நிறைய ஒரு பெருமூச்சு விட்டு, ஒரே குரலில், "ஆண்டவனே."

பக்கத்தில் இருந்த ஒரு பையனின் அப்பா, "இவ்வளவு ஒத்துமையா இதுங்க எதையும் செஞ்சு நான் பார்த்ததில்லைங்க" என்றார்.

டீச்சர் நிறுத்தினாள். "அது என்ன, நடுவுல?"

"பாட்டுல இருக்கு டீச்சர்" என்றார்கள் எல்லாரும்.

"பாட்டுல அப்படி எதுவும் இல்லையே."

உன் மருமகள் ஓர் அடி முன்னால் வந்து, "எங்க அம்மா பாட்டுல இருக்கு டீச்சர். ரெக்கார்டுல வாசிக்கிற அங்கிள் மறந்துட்டார்" என்றாள்.

எல்லா அம்மாவும் அப்பாவும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நோட்டைத் திறந்து அவசரமாக எதையோ தேடினேன். அன்றைய பக்கத்தில் "வெங்காயம், சோப்பு" என்று எழுதியிருந்தது, அதையே நாலு தடவை படித்தேன்.

வகுப்பு முடிந்து டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கோபம் வந்தால் அவள் குரல் இன்னும் இறங்கும், அன்றைக்கு உதடு மட்டும்தான் அசைந்தது. முகாமின் கடைசி நாள் அறுபது பிள்ளைகள் மேடையில் நின்று இந்தப் பாட்டைத்தான் வாசிக்கப் போகிறார்களாம். "அன்னைக்குப் பாப்பா தனியா வாசிச்சப்ப மூச்சு வாங்குறான்னு நினைச்சேங்க. இது போகலைன்னா பாப்பாவை மேடையில நிறுத்த முடியாதுங்க. மத்த பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள்ல போயிடும். இவளுக்குத்தான் கஷ்டம்."

"ஏங்க, அவளுக்கு மட்டும்?"

"அவங்க பாப்பாகிட்ட கேட்டுக் கத்துக்கிட்டாங்க. பாப்பா உங்ககிட்ட கேட்டுக் கத்துக்கிட்டா."

நான் சும்மா இருக்கவில்லை தம்பி. உதட்டை இறுக்கிக்கொண்டு வாசித்தேன், மூக்கு வழியாக வந்தது. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசித்தேன், இரண்டு நாள் சத்தமே இல்லை, சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் உன் மருமகள் வகுப்புக்குப் பென்சிலைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள். வாசிப்பதையே விட்டுவிட்டேன். "நீ வாசிச்சாத்தான் நான் வாசிப்பேன்" என்று அவளும் வில்லை வைத்துவிட்டாள். முகாமுக்கு அனுப்ப வேண்டிய வீடியோவைப் பதினேழு தடவை எடுத்தோம். பதினாறில் ஆண்டவன் இருக்கிறார். ஒன்றில் மட்டும் இல்லை, அதில் உன் அத்தான் தும்மியிருக்கிறார். அதைத்தான் அனுப்பினேன்.

வெள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டது. கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் தினமும் குனிந்து வணக்கம் சொல்லிப் பார்க்கிறாள். நேற்று, "மேடையில நின்னா நீ எங்க உக்காந்திருக்கன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெரியாமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. நான் கூட இருந்தால் அவள் மேடையில் நிற்க முடியாது, நான் இல்லாவிட்டால் ஆறு நாளில் அதை மறந்துவிடுவாள், நிற்பாள். மாதாமாதம் வீட்டுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் முடிக்கிறவளுக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம். ஆனாலும் நாலு நாள் ஆனது.

ஆகவே நீ வருகிறாய். உனக்கு எந்தப் பாட்டும் வராது, அதுதான் உன் தகுதி. முகாமில் வயலினைத் தொடாதே. உட்கார்ந்தால் இடது காலை ஆட்டுவாயே, அது கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையைக் கனைப்பது, விரலைச் சொடுக்குவது, "அதாவது பார்த்தீங்கன்னா" என்று எல்லாவற்றையும் ஆரம்பிப்பது, இது ஒன்றும் கூடாது. மூச்சு விடலாம், சத்தமில்லாமல். அவள் சாமான் எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறேன், சாக்ஸிலும் தைத்திருக்கிறேன், உன் சட்டைக் காலரிலும் தைத்துத் தருகிறேன், தொலைந்தால் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். கடைசி நாள் அவள் மேடையில் நிற்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் கட்டைவிரல் அதில் வராமல் இருந்தால் நல்லது.

எல்லாம் வல்லவன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் ஆறு நாள் லீவும் தர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொன்னார். எதற்குக் கேட்டார் என்பதை நேரில் சொல்வார்.

இப்படிக்கு,
அன்பு அக்கா

பின்குறிப்பு: லீவு போடாதே. போட்டிருந்தால் ரத்து செய். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போனேன், திரும்பி வருவதற்குள் உன் மருமகள் நாற்காலியில் ஏறி, எழுத்துக் கூட்டி, நீ காலை ஆட்டுவதிலிருந்து உன் "அதாவது பார்த்தீங்கன்னா" வரைக்கும் படித்துவிட்டாள். "மாமா வேணாம்மா" என்றாள். ஏன்டி என்றேன். "உன்னோட தப்பு ஒண்ணே ஒண்ணுதான், அது எனக்கு நல்லாத் தெரியும், மேடைக்குப் போறப்ப எடுத்துடுவேன். மாமாவோடது எவ்வளவு இருக்கு பாரு. ஆறு நாள்ல அதெல்லாம் எப்படிம்மா கத்துக்கிறது?"

நான்தான் போகிறேன்.