காணாமல் போன முந்நூறு கிராம்

ஆஸ்பத்திரிச் சமையற்காரர் கேரட்டையும் ஆப்பிளையும் நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வேகவைப்பார். தொடுகறி அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக எந்த நோயாளியும் அதைத் தட்டில் மிச்சம் வைத்ததில்லை. இந்த நிலைமை சத்துணவு அதிகாரியின் மேலான கவனத்துக்கு வந்தது.

படிவம் ஒன்று இறங்கியது. சமைக்கும் முன் எடை? ஒரு கிலோ. சமைத்த பின்? எழுநூறு கிராம். சமையற்காரர் உள்ளதை உள்ளபடி எழுதினார். படித்தவர்கள் செய்யாத தவறு.

"மீதி முந்நூறு கிராம் எங்கேய்யா?"

"வெந்தா சுருங்கும் சார். தண்ணி ஆவியாப் போயிடும்."

"போக யார் அனுமதி குடுத்தது?"

"அடுப்புதான் சார்."

"அடுப்பு நிரந்தரப் பணியாளரா?"

"நானே இல்லீங்களே!"

சமையற்காரரின் பணி நிரந்தரக் கோப்பு அதிகாரியின் மேசையில்தான் கிடந்தது. ஆவியை ஒப்படைக்கும்வரை அது நகராது என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டார்.

"கேக்கறதக் குடுத்துத் தொலைங்க," என்றாள் மனைவி. "மூடியில வடியற தண்ணியப் பிடிச்சுக் கொண்டு போங்க."

கொண்டு போனார். எடை போட வேண்டிய அதிகாரி, வாசனை இழுக்க, குடித்துவிட்டார். அன்று மாலை அவருக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. மதியமே வீட்டுக்குப் போய்த் தூங்கியதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் சுற்றறிக்கை: சத்து முழுவதும் ஆவியில் அடங்கியுள்ளது. பாத்திரத்தில் எஞ்சுவது சத்து நீங்கிய திடக்கழிவு. நோயாளிகளுக்கு இனி ஆவிநீர் மட்டும், வேளைக்கு அரை டம்ளர்.

வாரம் திரும்புவதற்குள் டாக்டர் வீட்டம்மாக்கள் பாட்டிலோடு வந்து நின்றார்கள். நோயாளிகளுக்கு அகோரப் பசி. பசியெடுப்பது குணமாவதன் அறிகுறி என்று பதிவேட்டில் ஏறியது. சமையற்காரர் 'ஆவி சேகரிப்பாளர்' என்ற பதவியில் நிரந்தரமானார்.

உத்தரவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வார்டுக்குள் போனார். கால் உடைந்து மூன்று வாரமாகப் படுத்திருந்த தச்சர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, வயிறு ஒட்டிப் போச்சு. அந்தக் கேரட்டும் ஆப்பிளும் என்னாச்சு?"

இது வெறும் தண்ணி என்று சொல்ல வாயெடுத்தார். கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது.

"அது கழிவுப்பா," என்றார்.

தச்சரின் முகம் சிவந்தது.

"அப்ப போன வாரம் வரைக்கும் எங்களுக்குக் கழிவையா போட்டீங்க?"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. புகார் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எல்லோரும் அவரவர் அரை டம்ளரைச் சொட்டு விடாமல் குடித்து முடித்தார்கள்.