பாஸ் மார்க் பெட்ரோல்

காருக்கும் பரீட்சை உண்டு, அதுவும் மார்க் வாங்கும் என்று நம்புகிற மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். வேங்கிக்காலில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். வாடகைக் கார் ஓட்டுகிறார். தெருவே அவரை ‘நூத்துக்குநூறு’ என்றுதான் கூப்பிடும்; எனக்கு மட்டும் அண்ணன்.

எல்லாம் பெட்ரோலால் வந்தது. சாதா பெட்ரோலுக்கு ஆக்டேன் தொண்ணூற்றொன்று, உசத்திக்குத் தொண்ணூற்றைந்து, அதைவிட உசத்திக்கு நூறு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று பிடித்தது பைத்தியம். "நூறு இருக்கும்போது தொண்ணூத்தொண்ணு எதுக்குங்க? பெத்த புள்ளைன்னா இப்படி விடுவீங்களா?" என்பார்.

பிள்ளையோ, சைக்கிளுக்கே வழிவிட்டு மூச்சு வாங்கும் பழைய வண்டி!

அந்த நூறு இங்கே கிடைக்காது. வேலூர்ப் பக்கம் போய்ப் போட்டு வருவார். வீடு வந்து சேர்வதற்குள் பாதி தீர்ந்திருக்கும்.

"யோவ், இந்த இன்ஜினுக்குச் சாதாவே ஜாஸ்தி. நூறு போட்டா ஓட்டம் ஏறாது, செலவுதான் ஏறும்" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொறாமை" என்றார் அண்ணன்.

டேங்க் நிறைந்த அன்று வண்டியை மலை பார்க்க நிறுத்திக் கற்பூரம் காட்டுவார். அதுவும் டேங்க் பக்கத்திலேயே! "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று அவர் பக்தியில் கூப்பிடுவார். நாங்கள் பயத்தில் கூப்பிடுவோம்.

என் மகள் அபிதாவுக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல். பத்தாவதில் அது ஒன்றுதான் போய்விட்டது. துணைத் தேர்வு கீழ்பென்னாத்தூரில். இதிலும் போனால் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நானும் பத்தாவதில் நின்றவள்தான். தேர்வன்று பௌர்ணமி வேறு, கிரிவலக் கூட்டம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

"ஏறும்மா, நூறு போட்ட வண்டி. பறக்கும்" என்றார் அண்ணன்.

பாதி வழியில் விக்கியது, இருமியது, நின்றது. டேங்க் காலி. சற்றுத் தள்ளி ஒரு பங்க் தெரிந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தள்ளினேன்.

"சாதாதான் இருக்குது" என்றார் பங்க்காரர்.

"சாதாவா? என் வண்டிக்கா? வேற பங்க் பார்த்துக்கலாம்."

"எப்படிண்ணே, தள்ளிக்கிட்டேவா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அபிதா டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாள். "மாமா, இங்கயே தொண்ணூத்தொண்ணுனு ஒட்டியிருக்குது."

"அது பாஸ் மார்க்குமா. பாஸ் பண்ணா மட்டும் போதுமா?"

"எனக்குப் போதும் மாமா" என்றாள் அவள், மெல்ல.

அண்ணன் அவளையே பார்த்தார். மலை இருக்கும் திசையில் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாஸ் மார்க்கே போடுப்பா. சீக்கிரம்!"

வண்டி எப்போதும்போல் இருமிக்கொண்டே ஓடியது. மணி அடிக்கும் முன் அவளை இறக்கிவிட்டோம்.

கணக்கில் முப்பத்தாறு. ரிசல்ட் வந்ததும் அண்ணன் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். எவ்வளவு மார்க் என்று கேட்டவர்களிடம், "பாஸுக்கு மேல ஒண்ணு ஜாஸ்திங்க!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

இன்றும் அவர் வேலூர் போய் நூறுதான் போடுகிறார். எங்கள் வீட்டுச் சவாரி என்றால் மட்டும் முந்தின நாளே சாதா போட்டு வைக்கிறார். கேட்டால், "பொண்ணுக்கு ராசியான பெட்ரோலுங்க" என்கிறார்.

கிரிவலத்தில் பிள்ளைகளுக்காக வேண்டும்போது அந்த ஓட்டை வண்டியையும் சேர்த்துக்கொள்கிறேன். அதுவும் எங்கள் தெருப் பிள்ளைதானே.