ஜன்னலோரத்து இகுவானா

சட்டத்தை வைத்தே அந்தப் பிராணியை வெளியேற்றுவது என்று முடிவு செய்தேன்.

தலைப்பொங்கல் சீரில் கரும்பு வரும், பானை வரும். எனக்குக் கூடவே இகுவானாவும் வந்தது. பச்சை நிறத்தில், என் கை நீளத்துக்கு ஒரு வெளிநாட்டு ஓணான். வில்லாபுரத்தில் வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருக்கும் மச்சினன் தவசி கொண்டுவந்து இறக்கினான். சீரைத் திருப்பி அனுப்பினால் மாமனார் வீட்டு வாசல் மிதிக்க முடியாது.

செல்லூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு ஒரே ஜன்னல். அதனடியில் என் மேசை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஒரு வேலைக்குப் போய்க்கொண்டே அரசுத் தேர்வுக்கு அங்கேதான் படிக்கிறேன். இப்போது பொது அறிவுப் புத்தகத்தின் மேல் இகுவானா வெயில் காய்கிறது. பக்கம் திருப்பினால் வாலால் அடிக்கிறது.

மனைவி பாண்டிமீனாவிடம் பேசினேன்.

"மீனா, இதை வனத்துறையில பதிவு பண்ணாம வச்சிருந்தா கேஸு. கேஸ் விழுந்தா எனக்கு அரசாங்க வேலை போச்சு."

"அம்புட்டுத்தானே மாமா? பதிவு பண்ணிருவோம்."

"லேசில்ல. வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. வெயில் வேணும், காத்து வேணும், தாராளமா இடம் வேணும். நம்ம வீட்ல எங்க இருக்கு?"

அவள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், மேசை சமையலறையில், சிலிண்டருக்கும் கிரைண்டருக்கும் நடுவே நின்றது. ஜன்னலோரம் பெரிய கம்பிவலைக் கூண்டு. உள்ளே கொய்யாக் கிளை. கிளையில் இகுவானா. மீனா அதற்கு ராசா என்று பெயர் வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அது என் பெயர்.

"என்ன மீனா இது?"

"சட்டம் மாமா. நீங்கதானே சொன்னீங்க. உங்க பேர்லயே பதிவுக்குப் போட்டாச்சு."

"பேசாம தவசிகிட்டயே குடுத்துருவோம்."

"வனத்துறைக்குத் தெரியாம கை மாத்தக் கூடாதாம். கேஸ் விழுந்துரும், உங்க அரசாங்க வேலை என்னாகும்?"

கடைசி நம்பிக்கையாக வனத்துறை அதிகாரி வந்தார். கூண்டைச் சுற்றி வந்தார். வெயில் விழும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா."

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவர் என் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாரு இடம்?"

"எங்க வீட்டுக்காரரு படிக்கிற இடம் சார்."

"காத்தே வரலையேம்மா. வெளிச்சமும் இல்ல."

எனக்குக் கண் கலங்கியது. மீனாவும் கவலையோடுதான் கேட்டாள்:

"இவருக்கும் அப்படி ஏதும் சட்டம் இருக்கா சார்?"

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து யோசித்தார்.

"இல்லம்மா. இது வெளிநாட்டு இனத்துக்கு மட்டுந்தான்."