மாப்பிள்ளை தலையில் இரட்டைச் சுழி

உ
சேரன்மகாதேவி
12-6-1994

மரியாதைக்குரிய மைத்துனர் சங்கரசுப்பிரமணியன் அவர்களுக்கு, அம்மையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம். மனசளவில் அப்படிச் சொல்வதற்கில்லை. ஆவணியில் நம் ப்ரியா கலியாணத்துக்கு வர நாக்பூரில் எடுத்திருக்கும் ரயில் டிக்கெட்டுகளைத் தயவுசெய்து ரத்து செய்துவிடவும்.

நிச்சயம் முடிந்ததும் மாப்பிள்ளை கணேஷ்ராம் திருச்செந்தூரில் மொட்டை போட்டு, மறுவாரம் பிரசாதத்தோடு நம் வீட்டுக்கு வந்தார். அவர் குனிந்து என் காலைத் தொட்டபோது, முடி துளிர்த்துவந்த தலையில் இரண்டு சுழி இருப்பதை என் அக்காள் பிரம்மநாயகி பார்த்துவிட்டாள். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கலியாணம் என்று அவள் சொல்ல, தங்கள் தங்கை படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. நான் தமிழாசிரியனாக இருந்தவன் அல்லவா, சுழி என்றால் பூச்சியம் என்றும் பொருள், கலியாணப் பத்திரிகையில் முதலில் போடுவதே பிள்ளையார் சுழிதானே என்று விளக்க ஆரம்பித்தேன்.

"ஆத்துல கெடக்கதும் சுழிதான். தெரிஞ்சே அதுல பிள்ளைய எறக்கச் சொல்லுதியளா?" என்று படுத்தபடியே கேட்டாள் தங்கள் தங்கை. முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவன் அடுக்களைக்குக் காப்பி போடப் போய்விட்டேன்.

முதலில் வாழைமரத்துக்குத் தாலி கட்டி மரத்தை வெட்டிவிட்டால் தோஷம் கழியும் என்று அக்காள் பரிகாரம் சொன்னாள். அதைச் சொல்ல மாப்பிள்ளை ஊரான திசையன்விளைக்கு என்னைத்தான் பஸ் ஏற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை கோபப்படவில்லை. மோர் கொடுத்துவிட்டுப் பைய சொன்னார்: "மாமா, வெட்டுததுக்குன்னே ஒரு தாலி கட்டச் சொல்லுதிய. அந்தக் கையால உங்க மகளுக்குக் கட்ட எனக்கு மனசு வரல."

இப்பேர்ப்பட்ட பிள்ளையை இழக்கிறோமே என்று பஸ்ஸில் கண் கலங்கினேன். நான் வந்து சொன்னதைக் கேட்டு ப்ரியா அழவில்லை. தங்கள் தங்கை சம்பந்தத்தை விட்டுவிடலாம் என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பும், குழந்தைகளுக்கு நெல்லையப்பர் அருளும் சேரட்டும்.

இப்படிக்கு,
அம்மையப்பன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாலையும் கழுத்துமாக ப்ரியாவும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். பின்னாலேயே அவருடைய பெற்றோர், தங்கள் தங்கை, என் அக்காள். குறுக்குத்துறை முருகன் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டதாம். "ரெண்டு கலியாணம்னுதானப்பா அத்த சொன்னாக. இது ஒண்ணு, ஆவணியில இன்னொண்ணு. ரெண்டும் எனக்கே இருக்கட்டும்" என்கிறாள் ப்ரியா. என் அக்காளும் கணக்கு சரிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நான் சுழிக்கு அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் முகூர்த்தம் தப்பியிருக்கும் என்கிறாள் தங்கள் தங்கை. டிக்கெட்டுகளை ரத்து செய்ய வேண்டாம்.