கருப்பு மாட்யூலும் கம்பீரநாதன் கல்யாணமும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. காட்டுக்குப் பெயர் கிடையாது, மேப்பில் தேட வேண்டாம். குளத்தில் இருந்த தவளைக்குப் பெயர் உண்டு. கம்பீரநாதன். தலைப்பிரட்டையாக இருந்தபோதே அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். குரல் வந்த பிறகு வைத்திருந்தால் மனிதர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

தவளைகளிடம் ஜாதகம் பார்க்கும் வழக்கம் இல்லை. மழை பெய்தவுடன் பெண்வீட்டார் கரைக்கு வருவார்கள். மாப்பிள்ளை கத்த வேண்டும். குரல் பிடித்தால் கல்யாணம், பிடிக்காவிட்டால் அடுத்த கல்லுக்குப் போய்விடுவார்கள். கம்பீரநாதன் கத்தினால் ஈரச் செருப்பில் யாரோ நடந்துபோவது போல இருக்கும். போன மழையில் ஒரு பெண்வீட்டார் அது கத்தி முடித்த பிறகும் காத்திருந்து, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அது வெகுநாள் தாமரை இலைக்கு அடியிலேயே கிடந்தது. அவமானம்தான், வேறென்ன.

இந்த மழைக்கு மேற்குக் கரையிலிருந்து விசாலம் என்ற பெண்ணை அழைத்துக்கொண்டு அவள் அத்தை வருவதாகத் தகவல் வந்தது. விசாலத்தைக் கம்பீரநாதன் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது. அவள் ஒரு ஈயைப் பிடித்த நேர்த்தியைப் பார்த்ததிலிருந்து அதற்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தக் காட்டில் பழைய சாமான் வியாபாரம் பார்த்த குரங்கு ஒன்று இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் கவனிக்காமல் வைப்பதெல்லாம் அதற்குக் கொள்முதல். கம்பீரநாதன் அதனிடம் போய்த் தன் கஷ்டத்தைச் சொன்னது.

"தம்பி, உனக்குக் குரல்ல குறையே இல்ல. தெம்புலதான் குறை," என்றது குரங்கு. "இந்தா, இந்தப் பிளேயரைப் பாரு. கையடக்கம், ஆனா விலையில யானை. வச்சிருந்தவர் அழுதுகிட்டேதான் காட்டை விட்டுப் போனாரு."

அது பாட்டுக் கேட்கிற பிளேயர். மேல்பாதியில் பாட்டு இருக்கும். அந்தப் பாட்டுக்குத் தெம்பு கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர் கீழ்ப்பாதியில் தனி மாட்யூலாக இருக்கும். திருகாணியைக் கழற்றி, அதை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். பிளேயர் இருந்த பையில் மூன்று மாட்யூல்கள் இருந்தன. வெள்ளி, கருப்பு, செம்பு. குரங்கு தவளையைக் கத்தச் சொல்லி, போனில் பதிவு செய்து, பிளேயரில் ஏற்றிக் கொடுத்தது. ஹெட்போனைக் காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் வைத்தால் சத்தம் கரை முழுக்கக் கேட்கும் என்று உபாயமும் சொன்னது. பதிலுக்கு, குரங்கின் மரத்தடியில் இனி ஒரு கொசு இருக்கக் கூடாது என்று பேச்சு.

எதையாவது ஒன்றை மாட்டிக்கொண்டு போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும், எனக்கும் வேறு வேலை பார்க்க நேரம் கிடைத்திருக்கும். ஆனால் கம்பீரநாதன் மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டது. வெள்ளியில் குரல் சுத்தமாக இருந்தது, ஆனால் ஒல்லியாக இருந்தது. கருப்பில் கனமாக இருந்தது, ஆனால் கொஞ்சம் கோபமாக இருப்பதுபோல் பட்டது. செம்பில் இனிமையாக இருந்தது, ஆனால் அந்தக் குரலில் ஒரு மாப்பிள்ளையை விட ஒரு மாமா தெரிந்தார். மறுபடி வெள்ளியை மாட்டியபோது அது இப்போது ஒல்லியாக இல்லை. தவளை குழம்பிப்போனது.

"அண்ணே, இதுல எது நல்லது?" என்று குரங்கிடம் கேட்டது.

"மூணும் மூணு ரகம் தம்பி. நீ சாரையாரைப் போய்ப் பாரு. அவர் சொன்னா சரியா இருக்கும்."

சாரையார் என்பது புற்றில் வசித்த சாரைப்பாம்பு. ஒலிக்கருவிகளை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதில் காட்டிலேயே பெரிய கை. குயில்கூட அவரைக் கேட்காமல் எதுவும் வாங்காது. பாம்புக்குக் காது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், காட்டுக்கும் தெரியும். அதைப் பற்றி யாராவது இழுத்தால் சாரையார் அமைதியாகச் சொல்வார்: "எனக்குக் காது கிடையாது. அதனால பாரபட்சமும் கிடையாது." வயிற்றைத் தரையில் அழுத்திக் கேட்பது அவர் முறை.

இன்னொரு விஷயம், சாரைப்பாம்பு தவளை தின்னும். இதுவும் எல்லாருக்கும் தெரியும். புத்தியுள்ள தவளை அந்தப் பக்கம் போகாது. ஆனால் மூன்றில் எது நல்லது என்று தெரியாமல் தூங்க முடியாத ஒருவனிடம் புத்தியைப் பற்றிப் பேசி என்ன பயன்.

"வாங்க, உக்காருங்க," என்றார் சாரையார். "ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். தீர்ப்புச் சொல்ற வரைக்கும் வாடிக்கையாளரைச் சாப்பிடறதில்ல. அது தொழில் தர்மம்."

"சொன்னதுக்கு அப்புறம் ஐயா?"

"சொன்னதுக்கு அப்புறம் நீங்க வாடிக்கையாளர் இல்லையே."

கம்பீரநாதன் எழுந்து ஓடியிருக்க வேண்டும். கால்கள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அது சுரைக்குடுக்கையை முன்னால் நகர்த்தி, "குரலுக்கு எது எடுப்பா இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதுங்க ஐயா," என்றது.

ஒப்பீடு தொடங்கியது. வெள்ளியை மாட்டினார்கள். சாரையார் வயிற்றை அழுத்திக் கண்ணை மூடினார். பாம்பால் கண்ணை மூட முடியாது, ஆனாலும் மூடியது போல ஒரு பாவனை. "ட்ரெபிள், அந்த மேல் சத்தம், விரியுது. ஆனா என் விலா எலும்பு பாதியோட நின்னுடுது," என்றார். கருப்பை மாட்டினார்கள். "பேஸ், அந்த அடிச் சத்தம், வால் வரைக்கும் வருது. ஒழுக்கமா வருது." செம்புக்கு நாக்கை நீட்டி, உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, "இதைக் கேட்டா எனக்குப் பழைய தோல் ஞாபகம் வருது," என்று மட்டும் சொன்னார்.

அவர் தீர்ப்புக்காக வாயைத் திறக்கும்போதெல்லாம் கம்பீரநாதனுக்கு உயிர் போய் உயிர் வரும். "ஐயா, செம்பு இன்னும் ஓடிப் பழகலையே. புதுசுல அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்களே," என்று குறுக்கே புகும்.

"நல்லவேளை சொன்னீங்க. ஓடட்டும்," என்பார் சாரையார்.

செம்பு ஓடிப் பழகியதும் தரை காய்ந்திருப்பதாகத் தவளை சொன்னது. ஈரம் தெளித்து மறுபடி கேட்டார்கள். பிறகு குடுக்கையின் வாய் கிழக்கே பார்த்ததால்தான் கருப்பு கனமாகக் கேட்டதோ என்று சந்தேகம் எழுப்பியது. சாரையார் ஒவ்வொரு சந்தேகத்தையும் மதித்தார். பசியில் வற்றிக் கயிறாகிவிட்டார், ஆனால் இப்படி நுணுக்கமான வாடிக்கையாளர் தனக்கு வாய்த்ததே இல்லை என்று நெகிழ்ந்தார்.

தவளைதான் அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டது. மேகம் திரண்டுகொண்டிருந்தது. தீர்ப்பு வந்தால் பாம்பின் வாய். தீர்ப்பு வராவிட்டால், எந்த மாட்யூல் என்று தெரியாமல் விசாலத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டில் எது மோசம் என்று அதனால் சொல்ல முடியவில்லை. உண்மையில் அதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது.

மழை கொட்டியது. குளக்கரையில் மற்ற தவளைகள் எந்த மாட்யூலும் இல்லாமல் கத்தி, வரிசையாகக் கல்யாணம் செய்துகொண்டன. மாப்பிள்ளையைக் கரையில் காணாமல் விசாரித்துக்கொண்டு, விசாலமும் அத்தையும் புற்றுக்கே வந்துவிட்டார்கள். பாம்பைப் பார்த்ததும் விசாலம் பின்வாங்கினாள். அத்தை பின்வாங்கவில்லை. அவள் எத்தனையோ சம்பந்தம் பேசியவள்.

"மாப்பிள்ளை கத்தலாமே," என்றாள் அத்தை.

"எந்த மாட்யூல்லன்னு பார்த்துட்டு இருக்கோம் அத்தை. இன்னும் கொஞ்சம்..."

"எப்ப இருந்து பார்க்கறீங்க?"

"மழைக்கு முன்னால இருந்துங்க."

அத்தை விசாலத்தின் கையைப் பிடித்தாள். "ஒரு மாட்யூலுக்கே முடிவு எடுக்கத் தெரியல. இந்தப் பையனை நம்பி நம்ம பொண்ணை எப்படிக் கொடுக்கறது? வாடி, போகலாம்."

விசாலம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்களைப் பக்கத்தில் பார்த்ததும் கம்பீரநாதனுக்கு உயிரைப் பற்றிய கணக்கெல்லாம் மறந்துபோனது.

"கருப்பு," என்றது. "கருப்புதான்."

சாரையார் பெருமூச்சு விட்டார். "எனக்கும் அதேதான் தோணிச்சு தம்பி. சொல்லத்தான் மனசு வரல," என்று சொல்லிவிட்டு, தவளையை விழுங்கினார்.

அத்தை மழையைப் பார்த்தாள். விசாலம் அழத் தொடங்கினாள். அப்போது பாம்பின் வயிற்றுக்குள்ளிருந்து கம்பீரநாதன் பயத்தில் கத்தியது.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது. புற்று அதிர்ந்தது. குளத்தில் கல்யாணமாகிக் கொண்டிருந்த மாப்பிள்ளைகள் பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள். கனம் இருந்தது, இனிமை இருந்தது, சுத்தமும் இருந்தது. பட்டினியில் கிடந்த நீளமான வெறும் வயிறு, முழுக்க எதிரொலித்தது. சாரையார் தலையிலிருந்து வால்வரை நடுங்கினார். பிறந்ததிலிருந்து தரை வழியாகவே கேட்டு வந்தவர், முதல்முறையாக ஒரு சத்தத்தை முழுதாகக் கேட்டார்.

"இது எந்த மாட்யூல்?" என்று அத்தை கேட்டாள்.

"நான்தாம்மா," என்றார் சாரையார்.

விசாலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத்தை, முடிச்சுடலாம்."

"என்னை வெளிய எடுங்க," என்று உள்ளேயிருந்து கத்தியது கம்பீரநாதன். அதுவும் பிரமாதமாக இருந்தது.

சாரையார் நல்லவர். கக்கிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தார். விசாலம் தடுத்தாள்.

"வேண்டாங்க. வெளிய வந்தா பழைய குரல்தானே."

வயிற்றுக்குள் கம்பீரநாதன் ஒருமுறை புரண்டு படுத்தது. பிறகு, "நிஜமாவே நல்லா இருக்கா?" என்று கேட்டது.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் விசாலம். அவள் பொய் சொல்லவில்லை.

"அப்ப சரி," என்றது கம்பீரநாதன்.

கல்யாணம் அந்த மழையிலேயே நடந்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் பாம்பு உட்கார்ந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் நீளம் என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள், ஆனால் அது வாய் திறந்ததும் அவர்களும் அடங்கிவிட்டார்கள். ஒலியின் நன்மை கருதிச் சாரையார் ஜீரணம் செய்வதை நிறுத்திவைத்திருக்கிறார். எவ்வளவு காலம் முடியும் என்று தெரியவில்லை.

இப்போது மேகம் கருத்தால் புற்று வாசலில் வரிசை நிற்கிறது. எல்லாம் மெல்லிய குரல் படைத்த இளந்தவளைகள். குரங்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நேற்று இந்தத் தொழிலில் சேர்ந்த ஒரு மலைப்பாம்பின் வாசலில் கூட்டம் இன்னும் அதிகம். பேஸ் நன்றாக வருகிறதாம்.

நீதி: சொந்தக் குரல் எடுபடாதவர்கள் மனம் தளர வேண்டாம். விழுங்குவதற்குப் பெரிய வாயாகப் பார்த்து, மழைக்கு முன்பே போய் வரிசையில் நிற்கவும்.